நாமம் போட்ட சொம்பில் நத்தைகள்

இதை எழுத இரண்டு மூன்று வருஷமாகத் தயங்கினேன். பெருமாள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் சிரிப்பு வரலாமா என்பது ஒரு தயக்கம். சிரிப்புக்கு ஆளானவன் நான் என்பது இன்னொரு தயக்கம். (முதல் தயக்கத்தை மட்டும்தான் வெளியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.) ஆனால் எங்கள் தெருவில் இந்தக் கதை வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது. இனியும் சும்மா இருந்தால் எனக்கே எது நடந்தது என்று மறந்துவிடும்.

சிதம்பரத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. என் மகள் கயல்விழி கடல் உயிர்களைப் பற்றிப் பெரிய படிப்பு படித்து, ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனாள். போகும்போது கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுப் போனாள். உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், இரண்டு ஆரஞ்சு மீன், பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரிகிற பவள உயிர்கள். மணலுக்குள் சின்னச் சின்ன நத்தைகள். மீன் தின்றது போக மிஞ்சி அழுகுவதை அந்த நத்தைகள்தான் வெளியே வந்து தின்று சுத்தம் செய்யும்.

அவள் போனபின் சாயங்காலம் மில்லைப் பூட்டிவிட்டு வந்து அந்தத் தொட்டி முன்னால்தான் உட்காருவேன். மீன் கண்ணாடி ஓரமாக வந்து என்னைப் பார்க்கும். அவள் பார்க்கிற மாதிரி இருக்கும். (மீனுக்கு நான் தீனி டப்பா எடுக்கிறேனா என்பதுதான் கவலை. தெரியும். இருந்தாலும்.)

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாள். அவள் அம்மா லட்சுமி முறுக்குக்கு அரிசி ஊறவைக்கும் நாளைக்கூடக் குறித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போய், தொட்டித் தண்ணீர் நாற ஆரம்பித்தது. அவள் வந்து நிற்கும்போது தொட்டி செத்துக் கிடந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அவளிடமே போனில் கேட்டேன். பிச்சாவரம் பக்கம் முகத்துவாரச் சேற்றில் அதே மாதிரி நத்தை நிறைய இருக்கிறதாம். மீன் தலை ஒன்றைக் கட்டிப் போட்டால் வாசனைக்குத் தானே வருமாம்.

"ஒண்ணு மட்டும்பா. பாத்திரம் ரொம்ப சுத்தமா இருக்கணும். சோப்பே பட்டிருக்கக் கூடாது."

எங்கள் வீட்டில் சோப்பே படாத பாத்திரம் ஒன்றுதான். புரட்டாசி சனிக்கிழமை நாமம் போட்டு, துளசி சுற்றி, கோவிந்தா சொல்லி வீடு வீடாக அரிசி வாங்குகிற பித்தளைச் சொம்பு. புளி போட்டு மட்டும்தான் துலக்குவோம். எனக்கு ஓய்வு கிடைத்ததும் மூன்றாம் சனிக்கிழமைதான். காலையில் பக்கத்துத் தெருவில் அரிசி வாங்கி, பொங்கிப் படைத்துவிட்டு, அதே சொம்போடு பஸ் ஏறினேன்.

கரையில் மீன் விற்ற அம்மாவிடம் ஒரு தலை கேட்டேன். என் நெற்றியைப் பார்த்தார்.

"புரட்டாசில நாமத்தப் போட்டுக்கினு மீன் தலையா கேக்குறீங்க?"

"எனக்கில்லம்மா, நத்தைக்கு. பொண்ணு வருது."

"பொண்ணு வந்தா நண்டு வாங்கித் தருவாங்க. நீங்க நத்தையா தரப்போறீங்க?"

விரதக்காரன் மீனைத் தொடக்கூடாது என்று அவரே குச்சியில் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. தண்ணீர் வடிந்த சேற்றில் குச்சியை நட்டுவிட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குந்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சேறு அங்கங்கே அசைந்தது. புளியங்கொட்டை அளவு நத்தைகள், மூக்கை நீட்டிக்கொண்டு, எங்கிருந்தெல்லாமோ அந்தத் தலையைப் பார்த்து ஊர்ந்து வந்தன. எதைக் கட்டிப் போட்டால் என் பெண் இப்படிக் கிளம்பி வருவாள்? லட்சுமியின் வத்தக்குழம்பு வாசனை கடல் தாண்டிப் போகுமா? (நத்தை பிடிக்கப் போன இடத்தில் அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

சொம்பு நிறையக் கடல் தண்ணீரும் நத்தையுமாகச் சிதம்பரத்தில் இறங்கி, தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். காலில் செருப்பில்லை, ஈர வேட்டி, நெற்றியில் நாமம், கையில் நாமச் சொம்பு. எங்கள் தெருமுனை வீட்டுப் பத்மா அக்கா நிறுத்தினார்.

"என்னண்ணே, கோவிந்தா சொல்லாமலே போறீங்க?"

பதில் சொல்வதற்குள் ஒரு பிடி அரிசியைச் சொம்பில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே மீன் தலையில் பிடித்த நத்தை இருக்கிறது என்று புரட்டாசி சனிக்கிழமை நடுத்தெருவில் எந்த வாயால் சொல்வது? "கோவிந்தா" என்றேன். அது இன்னும் மோசம். குரல் கேட்டு அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது, அதற்கடுத்ததும். ஒருவர் அரிசியோடு மஞ்சள்தூளும் போட்டார். அப்போதுதான் பத்மா அக்கா குனிந்து பார்த்து, அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னார்.

"சங்குடி. குட்டிக் குட்டிச் சங்கு. உசுரோட இருக்கு."

அவ்வளவுதான். வீடு சேர்ந்தபோது பின்னால் ஒரு ஊர்வலமே இருந்தது. சொம்பைக் கோலத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். லட்சுமி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் கயல்விழியின் வீடியோ கால். லட்சுமி போனைச் சொம்புப் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, அது பித்தளையா?"

"ஆமாம்மா. சோப்பே படல."

"பித்தளைல காப்பர் இருக்குப்பா. நத்தைக்கு விஷம். ஐயோ, அது என்ன மஞ்சளா?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. கற்பூரம் காட்டியவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்தாள். துடைத்தபின்னும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தீபாவளிக்கு லீவு குடுக்கலப்பா. அதச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

பத்மா அக்கா மற்றவர்களை மெதுவாக வெளியே கூட்டிப்போனார்.

அவள் சொன்னபடி அரிசியைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து நத்தைகளைப் போட்டேன். பெரும்பாலும் அசையவில்லை. கொஞ்சம் பிழைத்தன. அவை மணலுக்குள் போனதைப் பார்த்தபிறகுதான் சாப்பிட்டேன்.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும், "தண்ணி கிளாஸ்ல தரட்டா, சொம்புல தரட்டா? உள்ள நத்தை இருந்தாலும் இருக்கும்" என்று லட்சுமி கேட்கிறாள். மகள் ஒவ்வொரு போனையும், "நத்தைக்கு கோவிந்தா போட்டாச்சாப்பா?" என்று கேட்டுத்தான் வைக்கிறாள்.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். நத்தை சங்காக மாறியது என்று தெருவில் சொல்கிறார்கள். மாறவில்லை. பெருமாளுக்கு அந்தப் பெயர் வேண்டாம். சிரிப்புக்காக எதையும் கூட்டவும் வேண்டாம், இருப்பதே எனக்குப் போதும். முக்கியமாக, கடைசியில் மகள் வந்துவிட்டாள் என்று நல்லபடியாக முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்த முடிவை அவள்தான் வந்து சொல்ல வேண்டும்.