காட்சிப் பாதுகாப்பு அலுவலர் வீட்டுக் கல்யாணம்

மலையைக் கடவுள் படைத்தார் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் அந்த அறியாமை எப்போதோ ஒழிந்துவிட்டது. கடவுள் ஏதோ கொஞ்சம் பாறையைக் கொண்டுவந்து குவித்திருக்கலாம். அதைக் கல்யாணத்துக்கு லாயக்கான 'மலைக்காட்சி'யாக உயர்த்தியது தோட்ட நிர்வாகம்தான்.

'லா பெல் சிலான்ஸ்' தோட்டத்தில் இந்த உயர்ந்த பணி சாரெல் ஃபோர்டெய்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தோட்டத்தின் பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் 'அழகிய மௌனம்' என்று பொருள் என வாசல் பலகை சொல்கிறது. யாருடைய மௌனம் என்று எழுதப் பலகையில் இடம் போதவில்லை.

சாரெல் பதினைந்து வருடம் டிராக்டர் ஓட்டியவர். பிறகு பதவி உயர்ந்து 'காட்சிப் பாதுகாப்பு அலுவலர்' ஆனார். கரும்பச்சைக் கோட்டு, ஒரு வாக்கி டாக்கி, லேமினேட் செய்த ஒரு வண்ணப்படம் ஆகியவை அவருக்கு வழங்கப்பட்டன. படத்தில் மலை இருந்தது, கொடிகள் இருந்தன, வானம் இருந்தது. சனிக்கிழமைதோறும் கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் படத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, நிஜ மலை அதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். மலை மேகத்துக்குள் போய்விட்டால் 'தற்காலிகமாக இல்லை' என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். மேகத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

பொறுப்பேற்க வேண்டியது மனிதர்களுக்குத்தான். கல்யாணப் புல்வெளிக்கும் மலைக்கும் நடுவே, சரிவில், பதினான்கு வீடுகள் இருந்தன. காலி வீடுகளாக இருந்திருந்தால் 'பழமையின் எழில்' என்று விளம்பரத்தில் போட்டுவிடலாம். ஆனால் அவற்றில் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருந்தார்கள். குடியிருந்ததோடு நிற்காமல் துணி துவைத்தார்கள். அடுப்பு மூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்ற பொறுமை இல்லாமல் சனிக்கிழமையே சிரித்தார்கள்.

ஆகவே விதிமுறை வந்தது. சனிக்கிழமை மூன்று மணி முதல் ஐந்தரை மணி வரை கொடியில் துணி கூடாது, புகை கூடாது, வாசலில் ஆள் கூடாது. டிஷ் ஆன்டெனாக்களுக்குப் பச்சை வலை போர்த்த வேண்டும். இதை ஒன்பது வருடமாகச் சாரெல் நிறைவேற்றிவந்த அழகுக்கு அவருடைய குறிப்பேடே சாட்சி: 'மலை: உண்டு. மேகம்: இல்லை. மனிதர்: இல்லை. நாய்: ஒன்று, பேசி அனுப்பப்பட்டது.'

அந்த ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு களங்கம் நேர்ந்தது. ஜோஹன்னஸ்பர்க் மணப்பெண் ஒருத்தியின் முத்தப் புகைப்படத்துக்குப் பின்னால், மக்ரீட்டா பூய்சனின் ஊதாப் பாவாடை காற்றில் பறந்து பதிவாகிவிட்டது. மக்ரீட்டா நாலாம் நம்பர் வீடு. முப்பத்தொரு வருடமாகத் தோட்டத்தில் திராட்சைக் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்கிறவள். அவள் வீட்டு வாசலில் சாரெல் விசாரணை நடத்தினார்.

"காத்து அடிச்சா நான் என்ன பண்றது சாரெல்? காத்தையும் சனிக்கிழமை உள்ள இருக்கச் சொல்லி ஒரு சட்டம் போடு" என்றாள்.

'ஆலோசனை மேலிடத்தின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது' என்று சாரெல் எழுதிக்கொண்டார்.

இப்படிப்பட்டவரின் வீட்டிலேயே பிரச்சினை கிளம்பியது. மகள் லியான்ட்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எல்ராய் கியூபிடோ, பக்கத்து ஊரான வெலிங்டன்காரன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பித்தளை வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதுகிறவன். நல்ல பையன். லியான்ட்ரா தோட்டத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள்.

"இருநூத்திப் பதினோரு கல்யாணத்துக்குத் தட்டு தூக்கியாச்சுப்பா" என்றாள் அவள். "ஒரே ஒரு கல்யாணத்துல நான் உக்காரணும். அந்தப் புல்வெளியில. நம்ம மலை முன்னாடி."

"அதுக்கென்ன, சர்ச் ஹால் இருக்கே..."

"சர்ச் ஹால்ல மலை தெரியாது. பின்பக்கத்து டயர் கடைதான் தெரியும்."

சாரெலின் மனைவி கட்ரீனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தோட்டத்துச் சலவை அறையில் அவள்தான் மேஸ்திரி. "உங்கப்பாகிட்ட கேக்காதடி. நம்ம எல்லாரையும் வீட்டுக்குள்ள போட்டு அடைச்சுட்டு, மலைக்கு மட்டும் பத்திரிகை வெப்பாரு."

"கிண்டலா இருக்கு உனக்கு. ஒரு ஆளு பொறுப்பா இருக்கறதால..."

"அப்பா" என்று லியான்ட்ரா குறுக்கே வந்தாள். "நீங்கதான் என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். மூணு மணிக்கு. அப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

ஒன்பது வருடமாக எல்லாச் சனிக்கிழமையும் மூன்று மணிக்குச் சாரெல் நிற்கிற இடம் சரிவு. படத்தை உயர்த்திப் பிடித்தபடி, புல்வெளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நானூற்றுச் சொச்சம் கல்யாணத்தில் ஒரு மணப்பெண்ணின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

நிர்வாகம் கருணையுள்ளது. இருபது வருடச் சேவை முடித்தவர்களுக்குப் புல்வெளியை ஒரு நாள் இலவசமாகக் கொடுக்கும் 'நன்றிச் சலுகை' ஒன்று விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதுவரை யாரும் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை. சாரெல் படித்திருந்தார். விண்ணப்பித்தார். 'திருமண அனுபவ இயக்குநர்' அன்னெக்க தெயூனிசன் கூட்டம் கூட்டினாள். கூட்டத்தில் அவளும் சாரெலும் ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் கலந்துகொண்டார்கள்.

"வாழ்த்துகள் சாரெல். மனசு நெறைஞ்சிருக்கு. மார்ச் கடைசி சனிக்கிழமை தர்றோம். ஒரே ஒரு சின்ன விஷயம். விருந்தாளிப் பட்டியல்ல பாதிப் பேரு முகவரி எனக்குப் புரியல."

"தோட்டத்து வீடுங்கம்மா. ஒண்ணாம் நம்பர்லேர்ந்து பதினாலு வரைக்கும்."

"அது காட்சியாச்சே!"

"ஆமாம்மா."

"காட்சிக்குள்ள இருக்கறவங்க எப்படிப் புல்வெளிக்கு வருவாங்க? மூணு மணியிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் அவங்க வெளிய வரக் கூடாதே."

"எம் பொண்ணு கல்யாணம்மா அது."

"அன்னிக்கு மட்டும் விதியத் தளர்த்தலாம்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அன்னிக்குத்தான் சூரிச்லேர்ந்து ஒரு ஜோடி இடம் பாக்க வருது. மூணு நாள் கல்யாணம். மூணு மணிக்கு மலையப் பாக்கறாங்க. நீங்க சரிவுல நிக்கலேன்னா காட்சிக்கு யாரு ஜவாப்தாரி?"

சாரெல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இதுவரை நிர்வாகத்திடம் அவர் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. விதிப்படி பேசினார்.

"அம்மா, வீட்டுல ஆளு இருந்தாத்தானே வெளிய வராமப் பாத்துக்கணும்? ஆளே இல்லேன்னா?"

"அப்படின்னா?"

"காலையிலேயே பதினாலு வீட்டையும் காலி பண்ணிடறேன். பின்வாசல் வழியா எல்லாரையும் பஸ்ல ஏத்தி வெளிய அனுப்பிடறேன். மாப்பிள்ளை பஸ்ஸு. பதினேழு கிலோமீட்டர் சுத்திட்டு முன்வாசல் வழியா வருவாங்க. முன்வாசல்ல வர்றவங்க விருந்தாளிங்கதானே?"

அன்னெக்க விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். "முன்வாசல்ல வெள்ளை ரிப்பன் வாங்கிக் கட்டிக்கிட்டவங்க எல்லாரும் விருந்தாளி" என்று வாசித்தாள். அவள் முகம் மலர்ந்தது. "அப்ப அங்க பாதுகாக்க யாருமே இல்ல!"

"யாரும் இல்லேன்னா எனக்கும் அங்க வேலை இல்ல. விடுப்பு எடுத்துக்கலாம்."

'காட்சி முழுமையாகக் காலி செய்யப்படுவதை முன்னிட்டு அலுவலருக்கு ஒரு நாள் விடுப்பு' என்று கூட்டக் குறிப்பில் பதிவானது. பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கிற மனிதர்களை அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே நடக்கும் கல்யாணத்துக்கு வரவழைக்க இதைவிட எளிய வழி இருப்பதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பின்வாசலில் மஞ்சள் பஸ் நின்றது. புதுச் சட்டைகள், உயரக் குதிகால் செருப்புகள், எலுமிச்சைப் பச்சையில் ஒரு சூட்டு, மடியில் பிரியாணி அண்டா. மக்ரீட்டா ஊதாத் தொப்பி வைத்துக்கொண்டு முன் சீட்டைப் பிடித்தாள். பாவாடைக்குப் பொருத்தமாக வாங்கினாளாம்.

"சன்னல்லேர்ந்து பாத்தா கல்யாணம் நடக்கற இடம் தெரியுது" என்றாள். "ஒரு கல்லு விட்டெறிஞ்சா கேக் மேல விழும். நாம என்னடான்னா சுற்றுலா போறோம்."

"அக்கா, பேசாம வாங்க" என்றார் சாரெல்.

"ஏன், பேசினா மலைக்குக் கேக்குமா?"

பஸ் சிரித்தது. எல்ராய் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான். "மாமா, பாஸ்போர்ட் எல்லாம் எடுத்துக்கிட்டாங்களான்னு கேளுங்க!"

முன்வாசலில் அவர்களுக்கு மரியாதை பிரமாதமாக நடந்தது. வெள்ளை ரிப்பன் கட்டினார்கள். கோப்பையில் குளிர்ந்த திராட்சைச் சாறு வந்தது. முகம் துடைக்க ஈரத் துண்டு வந்தது.

"இதை நேத்து நான்தான் மடிச்சேன்" என்றாள் கட்ரீனா, துண்டை முகத்தில் வைத்தபடி. "நல்லாத்தான் மடிச்சிருக்கேன்."

மூன்று மணி அடிக்கப் பத்து நிமிடம். நாற்காலிகள் நிறைந்தன. எக்காளங்கள் வெயிலில் மின்னின. மலை நீலமாக, ஒரு பொட்டு மேகமில்லாமல், அச்சடித்ததுபோல் நின்றது. சரிவில் பதினான்கு வீடுகளும் சாத்திக் கிடந்தன. சாரெல் பச்சைக் கோட்டு இல்லாமல், இரவல் கறுப்புக் கோட்டில், ஒயின் நிலவறை வாசலில் நின்றார். லியான்ட்ரா அவர் கையைப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை சில்லிட்டிருந்தது. அவருடையதும்தான்.

அப்போது முதலாளி லாம்ப்ரெக்ட் வேகமாக வந்தார். பின்னால் அன்னெக்க ஓடிவந்தாள்.

"சாரெல், ஒரு சிக்கல். சூரிச் ஜோடிக்கு மலை பிடிக்கல."

"மலை சரியாத்தானே இருக்கு முதலாளி? காலையிலேயே படத்தோட ஒத்துப் பாத்தேனே."

"காலியா இருக்காம். அந்த வீடுங்களப் பாத்தா பயமா இருக்காம். 'இங்க யாரும் வாழறதில்லையா? துணி காயப் போடறதில்லையா? புகை வராதா?'ன்னு கேக்கறாங்க. ஐரோப்பாவுல இப்ப எல்லாரும் 'உயிருள்ள காட்சி'தான் கேக்கறாங்களாம்."

"அரை மணி நேரம் போதும் சாரெல்" என்றாள் அன்னெக்க. "வீட்டுக்காரங்கள மட்டும் அனுப்பி வைங்க. வாசல்ல உக்காரட்டும். கொஞ்சம் துணி காயட்டும். வெள்ளை, நீலம், அந்த மாதிரி. முடிஞ்சா சிரிக்கட்டும்."

லியான்ட்ராவின் விரல்கள் இறுகின. சாரெல் புல்வெளியைப் பார்த்தார். அவருடைய ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புல்வெளியில் அவர்கள் உட்கார்ந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நான் இன்னிக்கு விடுப்புல இருக்கேன் முதலாளி" என்றார். "கூட்டக் குறிப்புல இருக்கு."

"சரி, நீ போக வேணாம். யாரு யாருன்னு மட்டும் காட்டு. நானே சொல்லிக்கறேன்."

"யாரக் காட்டறது? எல்லாரும் ரிப்பன் கட்டின விருந்தாளிங்க."

"சாரெல்!"

"உங்க தோட்டத்து ஆளுங்க முதலாளி. உங்களுக்குத் தெரியாததா?"

லாம்ப்ரெக்ட் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலிகளை நோக்கி நடந்தார். அன்னெக்கவைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு அவர்களை முகவரியாகத்தான் தெரியும். சிலரைச் சமையலறையில் முடியை மூடும் தலைவலையோடு தெரியும். இன்று யாரும் தலைவலை போட்டிருக்கவில்லை. உதட்டைப் பிதுக்கினாள்.

முதலாளி துணிந்து ஓரத்தில் எக்காளத்தோடு நின்ற ஒருவரின் தோளைத் தட்டினார். "நீ அந்த ஏழாம் நம்பர் வீடுதானே?"

"நான் வெலிங்டன் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியருங்க" என்றார் அவர். "மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. கொஞ்சம் கைய எடுத்தீங்கன்னா ஊதறதுக்கு வசதியா இருக்கும்."

ஊதினார். குழு முழுவதும் ஊதியது. சாரெல் மகளைப் பார்த்தார். "போலாமாம்மா?"

"அழாதீங்கப்பா, படம் எடுக்கறாங்க."

"நான் எங்க அழறேன்? வெயிலு."

இருவரும் நடந்தார்கள். மலை அவர்களுக்கு எதிரே இருந்தது. நடுப்பகுதிக்கு வந்தபோது, முன்வரிசையில் முதலாளி குனிந்து ஊதாத் தொப்பிக்காரி ஒருத்தியிடம் பேசுவது சாரெலின் காதில் விழுந்தது. தலைமை ஆசிரியரிடம் பட்ட அடியால் முதலாளியின் குரலில் தேன் வழிந்தது.

"வாங்கம்மா, வாங்க. முதல் தடவையா வர்றீங்களா? எந்த ஊரு நீங்க?"

மக்ரீட்டா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "பக்கம்தாங்க" என்றாள். "உங்க கொடிங்க நல்லா வந்திருக்கு. யாரு கவாத்து பண்றா?"

"அதுக்கு நம்மகிட்ட நல்ல ஆளு ஒருத்தி இருக்காம்மா" என்றார் லாம்ப்ரெக்ட் பெருமையாக.

சாரெல் ஃபோர்டெய்னின் ஒன்பது வருட உழைப்பு எவ்வளவு கச்சிதமானது என்பதற்கு இதற்கு மேல் சான்றிதழ் தேவையில்லை. நியாயமாகப் பார்த்தால் முழுப் பெருமையும் அவரைச் சேராது. அதற்கு முன்னால் மக்ரீட்டா கவாத்து செய்த இருபத்திரண்டு வருடமும் அந்த வேலையை முதலாளியே, கோட்டும் குறிப்பேடும் இல்லாமல், வெறும் கண்ணால் செய்துவந்தார்.