குதிரையப்பன் இறக்கிய பெட்டி

“...மேல குந்திகினு போற ஜாக்கிக்கு இன்னா தெரியும்? ஆத்தா வயித்துல கீறப்பவே அவனப் பதமாத் தரையில எறக்குனவன் நானு. இன்னிக்கி ஓட்டத்துல தெரியறது அந்தப் பதம்தான்.”

ராயபுரத்தில் பொய் சொல்லாதவர் என்று யாரும் கிடையாது. ஆனால் ஒரு பந்தயக் குதிரைக்கு நான்தான் அப்பன் என்று வருஷக் கணக்காக டீக்கடையில் உட்கார்ந்து சாதித்தவர் ஒருவர்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சாமியாருக்கே மறந்துபோய், தெருவுக்கெல்லாம் அவர் குதிரையப்பன் ஆனார்.

வேலை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது. அதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சரக்கானாலும் தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, ஆட்டம் அடங்கிய பிறகுதான் இறக்கி வைப்பார். சிமெண்ட் மூட்டைக்கும் அதே மரியாதை. கீழே நிற்கும் மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சீமைக் கப்பலில் இரண்டு சினைக் குதிரைகள், தனித்தனி மரப்பெட்டியில் வந்தன. ஒன்றை இவர் இறக்கினார். இன்னொன்றைப் பக்கத்து கிரேன்காரர் சோடாபுட்டி இறக்கினார். கண்ணாடியைக் கழற்றினால் கப்பல் எது, கடல் எது என்று கேட்கிற மனிதர். இவருக்கு ஜென்மப் பகை. உள்ளே இருப்பது பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்ததும் நம்மவர் அந்த ஒரு சாண் உயரத்தில் பெட்டியை ஒரு பீடி புகைக்கிற நேரம் தொங்கவிட்டார். குதிரை அவரைப் பற்றி என்ன நினைத்ததோ, பேப்பரில் வரவில்லை.

மூன்று நான்கு வருஷம் கழித்துப் பேப்பரில் வேறொரு செய்தி வந்தது. கிண்டியில் ஒரு செம்பழுப்புக் குதிரை, ஓடிய ஓட்டமெல்லாம் ஜெயிக்கிறது, அந்தக் கப்பலில் வந்த தாயின் குட்டி என்று போட்டிருந்தார்கள். கப்பலில் தாய்கள் இரண்டு என்பதை மனிதர் அந்த நிமிஷமே மறந்தார். குதிரைக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். எங்கள் தெரு அதைச் சின்னதுரை என்றது.

சின்னதுரை பெங்களூரில் கோப்பை வாங்கினால், இவர் பெட்டியை இறக்கிய பதம். கல்கத்தாவில் இரண்டாவதாக வந்தால், ஜாக்கி கலீஜ். ஜெயித்த மறுநாள் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி. யாருக்கு என்று சாமியார் கேட்டால், “புள்ளைக்கு” என்பார். ஒரு நாளும் பந்தயம் கட்டியதில்லை. ஏன் என்றவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“பெத்த புள்ள மேல எவனாவது பெட் கட்டுவானா?”

பெற்ற மூத்தவன் எந்த வகுப்பில் படிக்கிறான், சொல் பார்க்கலாம் என்று அவர் மனைவி ஒருமுறை மடக்கினார். அவன் எதிலாவது ஜெயிக்கட்டும், விசாரிக்கிறேன் என்றார் இவர்.

சின்னதுரை கடைசியாக ஓடிய அன்று எங்களில் பன்னிரண்டு பேரைத் திரட்டிக்கொண்டு கிண்டிக்குப் போனார். குதிரை தன்னைக் கண்டதும் நிற்கும், நிற்காவிட்டால் இனி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று டீக்கடையில் சபதம். இஸ்திரி போட்ட சட்டை வேறு.

ஜெயித்த குதிரையை லாயத்துக்கு நடத்தி வந்தார்கள். வேலியோரம் நின்று இவர் கைதட்டிக் கூப்பிட்டார். சின்னதுரை திரும்பவே இல்லை. திரும்பியது அதைப் பிடித்து வந்த கிழவர். இவரையே உற்றுப் பார்த்து, நீ ஹார்பர் கிரேன்காரன்தானே என்றார். குதிரையப்பன் பன்னிரண்டு பேரையும் ஒருமுறை பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

“உன்ன மறப்பனா நைனா? பொட்டியப் புடிக்கக் கீழ நின்னவனே நான்தான். எறக்காம அந்தரத்துலயே தொங்க வுட்டு என் உசிர வாங்குன. ஆனா அதுல இருந்தது இவன் ஆத்தா இல்ல. இவன் ஆத்தாவ அந்தக் கண்ணாடிக்காரன் தொப்புனு போட்டான்.”

பன்னிரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான்தான் கடைசியாக நிறுத்தினேன். இவர் மட்டும் கிழவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்போ என்னுது?”

“அந்தக் குட்டியா? ஓடுனதெல்லாம் கடைசி. வித்துட்டாங்கோ. உங்க பக்கந்தான், தண்டையார்பேட்டையில ஜட்கா இஸ்துகினு கீது.”

தெரு விடுமா? மறுநாள் காலையிலேயே சோடாபுட்டிக்கு மாலை போட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். குதிரையப்பனைக் காணோம். வெட்கப்பட்டு வீட்டுக்குள் படுத்துக் கிடக்கிறார் என்று முடிவு கட்டினோம்.

பத்து மணிக்கு நான் பஸ்ஸில் திருவொற்றியூர் போனேன். தண்டையார்பேட்டை தாண்டியதும் பார்த்தேன். எலும்பு தெரியும் ஒரு பழுப்புக் குதிரை, பின்னால் காலி ஜட்கா. வண்டிச் சத்தம் வாங்கிவிட்டேனே, ஏறு மாமு, ஏறு மாமு என்று வண்டிக்காரர் கெஞ்சிக்கொண்டே வந்தார். நம்மவர் ஏறவில்லை. அதே இஸ்திரிச் சட்டையோடு குதிரையின் காதருகே என்னவோ பேசியபடி, வெயிலில், அது பின்தங்கிய இடத்திலெல்லாம் நின்று காத்திருந்து, கூடவே நடந்தார்.