மணிக்காரருக்குச் சிரிப்பு வந்த திருநாள்

சிரிப்பென்றால் என்னவென்று தெரியாமலே ஒரு மனிதருக்குத் தலை நரைத்தது என்றால், அது எங்கள் ராயப்பன்பட்டிக் கோயில் மணிக்காரருக்குத்தான். ஞானஸ்நானத்தில் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். யாருக்கும் ஞாபகமில்லை. மணி அடித்தார், மணிக்காரர் ஆனார்.

கெட்டவர் இல்லை. சேற்றில் ஒருவன் வழுக்கி விழுந்து ஊரே சிரித்தால், இவர் மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடுவார். சந்தையில் கோம்பைக்காரன் ஒருவன், "எங்க ஊரு நாய் வெளிய போன சொந்தக்காரனையே வீட்டுக்குள்ள விடாது. அவன் ஆறு மாசமா கோழிக்கூட்டுல படுத்துக் கெடக்கான்" என்று அளந்துவிட்டான். எல்லாரும் சிரித்தோம். இவர் மறுநாளே கம்பஞ்சோறு கட்டிக்கொண்டு கோம்பைக்கு நடந்து போய், தெருத்தெருவாக அவனைத் தேடினார். ஒரு போர்வை கொடுப்பதற்காக!

இந்த மனிதரைத்தான் பங்குச் சாமியார் பகடிக்குக் காவல் வைத்தார்.

மலையில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கூலி ஜனங்களுக்கு ஆட்டம் காட்டப் போகிற மதுரைக் கூட்டம் ஒன்று, வழியில் எங்கள் திருநாளன்று மத்தியானம் களத்தில் பந்தல் போட்டு ஆடும். கதை கிதை கிடையாது. ஆர்மோனியம், மத்தளம், ஒரு பாட்டு, கோமாளியின் பகடி ஒன்று, மறுபடி பாட்டு. பெண்டு பிள்ளைகளும் பார்க்கலாம் என்று சாமியார் உத்தரவு கொடுத்தார். ஆனால் மணிக்காரர் கைமணியோடு முன்னால் உட்காருவார். கெட்ட பேச்சு வந்தால் அடிப்பார். அடித்தால் பெண்கள் நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆண்கள் இருந்து பார்க்கலாம். அவர்கள் காது மட்டும் என்ன கல்லால் செய்ததோ!

எது கெட்ட பேச்சு என்று மணிக்காரருக்கு எப்படித் தெரியும்? ஒரு வழி கண்டுபிடித்தார். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தால் அது கெட்ட பேச்சாகத்தான் இருக்க வேண்டும். முதல் வருஷம் கோமாளி தலையில் தலைப்பாகையை வைத்துக்கொண்டே அதை ஊரெல்லாம் தேடினான். ஆண்கள் சிரித்தார்கள். இவர் மணியை ஆட்டினார். நாங்கள் எழுந்து போனோம். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான்தான் எரிந்தேன்.

மறு வருஷம் திருநாளுக்கு முன்பே கிணற்றடியில் கூடிப் பேசி முடித்துவிட்டோம். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்:

"இந்தாங்க, களத்துல பல்லைக் காட்டினீகன்னா, கிறிஸ்துமஸ் வரைக்கும் கஞ்சிய நீங்களே காச்சிக்கிருங்க."

"சிரிப்பு வந்தா என்னடி செய்யிறது?"

"தோள்ல துண்டு எதுக்குக் கெடக்கு? வாயில திணிங்க!"

வீட்டுக்கு வீடு இதே பேச்சுத்தான்.

கோமாளி வந்தான். பானையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனான். ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை. வரிசையாக வாயில் துண்டு, உப்பிய கன்னம், கண்ணில் நீர். கோமாளி பயந்துவிட்டான். குட்டிக்கரணம் போட்டான். ஆர்மோனியக்காரன் மடியில் ஏறிக் குழந்தை மாதிரி அழுதான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பந்தல் நடுவில் குந்திவிட்டான்.

"ஏய்யா, ஊருல எழவு விழுந்திருச்சா? மொதல்லயே சொல்லியிருந்தா ஒப்பாரியே பாடியிருப்பனே!"

மாரில் அடித்துக்கொண்டு தன் பகடிக்கே ஒப்பாரி வைத்தான். "ஆக்கி வச்ச பகடியெல்லாம் ஆறிப்போச்சே!"

ஒப்பாரியில் எங்கள் ஊரை ஜெயிக்க முடியுமா? பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் எதிர்ப்பாட்டு எடுத்தாள். "ஆறிப்போன பகடிய நாயும் மோந்து பாக்கலையே!"

மணிக்காரர் பதறி, ஆண்கள் பக்கம் திரும்பி, "யாருய்யா செத்தது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். துண்டு வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

மணிக்காரர் அதையே பார்த்தார். துருப்பிடித்த தாழ்ப்பாள் விலகுவதுபோல அவர் தொண்டையில் ஒரு சத்தம். பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மனிதர் நேர்மையானவர். தானே ஆனாலும், ஆண்பிள்ளை ஒருவன் சிரித்துவிட்டான். மணியைக் கையில் எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கத்தினேன்.

"சின்னையா! அப்படி என்ன கெட்ட பேச்சு கேட்டீக? எங்களுக்கும் சொல்லுங்க!"

யோசித்தார். "கெட்ட பேச்சு ஒண்ணும் கேக்கலையே, ஆத்தா. ஆனா சிரிப்பு வருதே?"

"அவுகளுக்கும் அப்படித்தான் வரும். போன வருசம் எங்களச் சும்மா வெரட்டிவிட்டீக!"

அவர் முகம் செத்துப்போனது. என் வீட்டுக்காரர் கையிலிருந்த ஈரத்துண்டை வாங்கி, மணியின் நாக்கைச் சுற்றிக் கட்டினார். "ஆடுங்கய்யா. இவுக கடைசி வரைக்கும் பாக்கட்டும்" என்றார்.

அதோடு விட்டாரா? சிரிப்பின் ருசி கண்டுவிட்டார். ஒவ்வொரு பகடிக்கும், "நில்லுய்யா, எனக்கு இன்னும் வெளங்கல" என்று கையை நீட்டி நிறுத்தினார். பக்கத்தில் கேட்டு, விளங்கி, சிரித்து முடிக்கும்வரை கோமாளி ஒற்றைக்காலில் நின்றான். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பியும் ஆட்டம் முடியவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனாலும் கடைசிப் பாட்டு வரை நாங்கள் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போதும் நல்ல பகடி ஒன்றைக் கேட்டால் நான் உடனே சிரிப்பதில்லை. அவருக்கும் விளங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் சிரிக்கிறேன்.