அரைப் பேர்கூட இல்லை

பெட்டியைத் திறந்து கவிழ்த்ததும் மேசை நிறைய அழுமூஞ்சிகள் கொட்டின.

விஜேந்திரன் ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினான். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் உப அலுவலகத்தில் அவன்தான் அபிவிருத்தி உத்தியோகத்தர். அரச சேவையில் பொதுமக்களுக்கு எவ்வளவு திருப்தி என்று மூன்று மாதம் அளக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அலுவலகத்துக்கு வந்து போகிறவர்கள் சிரித்த முகம், சும்மா முகம், அழுத முகம் மூன்றில் ஒன்றுக்குப் புள்ளடி போட்டுச் சீட்டைப் பெட்டியில் இட வேண்டும். முதல் மாதம் விழுந்த நாற்பத்தொரு சீட்டில் நாற்பத்தொன்றும் அழுகை.

“என்ன அந்தோனி இது?”

பியோன் அந்தோனி கூரையைப் பார்த்தார். “சனங்க மனசு யாருக்குத் தெரியும் சேர்?”

நல்ல புள்ளி எடுத்தால் கேட்ட இடத்துக்கு மாற்றம் தருவார்கள். விஜேந்திரன் கேட்டிருந்தது பண்டாரவளை. மனைவி துஷாந்தினி அங்கே ஆசிரியை. விடியுமுன் புறப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்து, இருட்டிய பிறகு திரும்புகிறவனுக்கு இரண்டு வயது மகளின் தூங்கும் முகம்தான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அவனைக் கண்டால், யாரோ விருந்தாளி என்று அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அது அவனுக்கு உண்மையாகவே வலித்தது. பெட்டி வந்த அன்றைக்கே, அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொண்டிருந்த அந்தோனியிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்திருந்தான்.

சேவை போதவில்லை என்று முடிவுகட்டினான். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கதவைத் திறந்து வைத்தான். சிங்களத்தில் வந்த கடிதங்களைத் தமிழில் வாசித்துக் காட்டினான். படிவங்களைத் தானே நிரப்பிக் கொடுத்தான். கொழுந்தெடுக்கும் ஜெபமலர் ஒரே வாரத்தில் நான்கு கடிதங்களோடு வந்தாள்.

“ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் சேர்!” என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் பெட்டிப் பக்கம் போனாள்.

இரண்டாம் மாதம் அறுபத்து மூன்று சீட்டு. எல்லாமே அழுகை. யாரோ ஒருவர் கண்ணீரைப் பேனாவால் கூட்டி வேறு வரைந்திருந்தார்.

“இந்த மூஞ்சி எல்லாம் வெளங்கலயோ அந்தோனி?”

“இருக்கலாம் சேர்” என்றார் அந்தோனி அவசரமாக.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான் விஜேந்திரன். காலைப் பெரட்டில் வரிசையாக நின்று வேலைக்குப் பிரிந்து போகிற சனத்துக்கு, நாள் முழுக்க வேலை செய்தால் முழுப் பேர், பாதியென்றால் அரைப் பேர் என்ற கணக்குத் தலைகீழ்ப் பாடம். முகங்களை அடித்துவிட்டு முழுப் பேர், அரைப் பேர், பேர் இல்லை என்று புதிய சீட்டு அச்சடித்தான். வேலையையும் கூட்டிக்கொண்டான். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறியிறங்கினான்.

அறுபது வயதுவரை பிறந்ததற்கே அத்தாட்சி இல்லாமல் இருந்த வீரய்யாவுக்குப் பதுளைக்கு ஆறு தடவை அலைந்து பிறப்புப் பத்திரம் எடுத்துக் கொடுத்தான். வீரய்யா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மினார்.

“பெத்த புள்ளகூட இப்பிடிச் செய்யாதுங்க சேர்.”

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போய், ‘பேர் இல்லை’யில் அழுத்தமாகப் புள்ளடி போட்டார். விஜேந்திரன் கண்ணால் பார்த்தான்.

மூன்றாம் மாத முடிவில் மேலதிகாரி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

“நூத்திப் பத்துப் பேர்ல ஒருத்தர்கூட உங்களுக்கு அரைப் பேர் தரலயே! மாற்றத்தை மறந்துடுங்க. சனங்க திருப்தின்னு சொல்ற வரைக்கும் அங்கேயே இருங்க.”

விஜேந்திரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். துஷாந்தினிக்கு எப்படிச் சொல்வது? பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தோனி மெல்ல வெளியே நழுவினார்.

ஒரு மணி நேரத்தில் ஜெபமலர் ஒரு டப்பா நிறைய முறுக்கோடு நுழைந்தாள். வாசலில் இன்னும் பத்துப் பேர், திருநாள்போலப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தோனியை மட்டும் காணவில்லை.

“சேர் இங்கேயே இருக்கப்போறாராம்ல! எடுத்துக்கங்க, இன்னும் சூடா இருக்கு.”

விஜேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

“நான் உங்களுக்கு என்ன கொறை வச்சேன்? எம்மேல எல்லாருக்கும் அப்பிடி என்ன கோவம்?”

ஜெபமலர் டப்பாவை மேசையில் வைத்தாள்.

“கோவமா? நீங்க வந்த நாள்லேர்ந்தே பாக்குறோம், ஒங்களப் போல ஆளு எங்களுக்கு எங்க கெடைக்கும் சேர்? திருப்தின்னு போட்டா ஒங்கள பண்டாரவளைக்குத் தூக்கிருவாங்கன்னு பெட்டி வந்த அன்னிக்கே அந்தோனி சொல்லிட்டாரு. மறுநா பெரட்டுலேயே நாங்க எல்லாரும் ஒரே முடிவா எடுத்துட்டோம்ல!”