டெஸ்ட் அக்கா கவிழ்த்த தண்ணீர்

ஆம்பூரில் மூக்கை வைத்தே பிழைத்த ஒரே ஆள் எங்கள் தெரு டெஸ்ட் அக்காதான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலை. அங்கே கருவி இருந்தது. ஆனால் அவர் முகர்ந்து சொன்ன பிறகு, கருவி அதை மறுக்கத் துணிந்ததில்லையாம். இது அவரே சொன்னது.

கல்யாண வாசலில் பன்னீர் தெளித்தால், "தண்ணி ஜாஸ்தி" என்பார். யார் வீட்டு மாடியிலும் கேட்காமல் ஏறித் தொட்டிக்குள் தலையை விடுவார். நாங்கள் குடிவந்த முதல் வாரம், மாடியில் தலையில்லாமல் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பால்காரர் வண்டியோடு விழுந்தார். தொட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"கத்தாதம்மா. பாசி புடிச்சிருக்கு. வூட்டுக்காரர வரச் சொல்லு."

அந்த ஐப்பசியில் என் மகனுக்கு ஏழு மாதம். கஞ்சியும் ஆறவைத்த வெந்நீரும் அப்போதுதான் ஆரம்பித்திருந்தோம். புயல் சென்னைப் பக்கம் கரை கடந்தாலும் மழை எங்களைத் தேடி வந்துவிடும். மின்சாரம் போகும், மோட்டார் ஓடாது, கேன் தண்ணீர் வண்டி வராது, நிலத்தடித் தொட்டிக்குள் சாக்கடை புகும். புயல் எச்சரிக்கை வந்ததும் நான் நோட்டில் பட்டியல் போட்டேன். மெழுகுவர்த்தி, டார்ச், அரிசி, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து. எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறை பார்த்தபோது, இரண்டாவது முறை சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்தது.

குடிதண்ணீருக்கு என் கணவர் ஒரு பெரிய நீல டிரம் வாங்கி வந்தார். தொழிற்சாலைகளில் தோல் பதனிடும் ரசாயன மருந்து தீர்ந்த டிரம்களைக் கழுவி விற்பது எங்கள் ஊரில் சகஜம். பாதி ஊர் வீடுகளில் அதில்தான் தண்ணீர் நிற்கிறது. நானும் சோப்பு, சோடா, புளி, கொதிநீர் என்று ஏழு முறை கழுவினேன். அன்று காலை வந்த குழாய்த் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, வெள்ளைத் துணி கட்டி, மூன்று நாள் மழைக்குத் தயார் என்று பெருமூச்சு விட்டேன்.

மாலையில் டெஸ்ட் அக்கா வந்தார். துணியை விலக்கினார். மூக்கை வைத்தார்.

"இது இன்னா தண்ணி?"

"குடிக்கத்தான்க்கா. குழந்தைக்குக் காய்ச்சித்தான் குடுப்பேன்."

"காய்ச்சினா கிருமி சாவும். மருந்து சாவுமா?"

அடுத்த நொடி புடவையை இடுப்பில் செருகி, டிரம்மைத் தோளால் முட்டிக் கவிழ்த்தார். சமையலறையில் புயல் முன்கூட்டியே கரை கடந்தது. வெங்காயக் கூடை வாசல்வரை மிதந்து போனது.

"இன்னாக்கா, பைத்தியமா உனக்கு!" என்று கத்தினார் என் கணவர்.

"கத்துறத அப்புறம் கத்து. ஸ்குரு டிரைவர் எடுத்துனு வா." டிரம்மின் அடியில் நாலு ஓட்டை போட்டார். "பூச்செடி வெச்சுக்க. கீரை, காய்னு துன்றது எதையும் போட்டுடாத."

வெளியே தூறல் விழுந்தது. இடுப்பில் குழந்தை, கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் அழுதேவிட்டேன். அக்கா நேராகத் தெருமுனை பிரியாணிக் கடைக்குப் போனார்.

"பாய், பெரிய தேக்சாவக் குடு."

"நாளைக்கு ஆர்டர் இருக்குக்கா."

"இந்த மழையில எவன் வந்து பிரியாணி துன்னுவான்? பேஜார் பண்ணாத, அடுப்பு மூட்டு."

நூறு பேருக்குச் சமைக்கும் தேக்சாவைத் தேய்த்தார். தெருக்குழாய்த் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை எல்லோரும் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினோம். கடையின் தகரக் கூரைக்குக் கீழே விறகடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆறியதும் மூடி போட்ட சில்வர் பாத்திரங்களில் வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு பங்கு.

எனக்குச் சந்தேகம். "அக்கா, ஏலக்கா வாசனை வருதே. குழந்தைக்குக் குடுக்கலாமா?"

"ஏலக்காயால யாராவது செத்துருக்காங்களாம்மா? குடு!"

மூன்று நாள் மின்சாரம் இல்லை. தெருவே பிரியாணி வாசனைத் தண்ணீரைக் குடித்துப் பிரியாணிக்கு ஏங்கியது. என் மகன் மட்டும் டம்ளரைக் கண்டாலே கை நீட்டிச் சிரித்தான்.

பிறகு டெஸ்ட் அக்கா வேலையை விட்டு, நெமிலியில் தம்பி வீட்டோடு போய்விட்டார். அந்த டிரம்மில் முன்பு என்ன மருந்து இருந்தது என்று நான் அவரிடம் கேட்கவேயில்லை. எதையும் இரண்டு முறை கேட்கிற எனக்கு, அதைக் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை. வானம் இருட்டும்போதெல்லாம், என் பிள்ளை குடிக்காமல் போன அந்தத் தண்ணீரை நினைத்து அவரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.