எதிர்க்கருத்தார் கலைத்த கட்சி

தம் கட்சியைத் தம் நாவன்மையாலேயே கலைத்த தலைவர் உலகில் இவர் ஒருவரே. உலகம் முழுவதையும் நான் விசாரிக்கவில்லை என்பதால், அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் என்று திருத்திக்கொள்கிறேன். அவரைப் பற்றி இதைவிடச் சுவையான கதைகள் உலவுகின்றன. நான் நேரில் காணாதவை ஆதலின் அவற்றை விட்டுவிட்டேன்.

செந்துறையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். தேநீர் சொன்னாலும் "எதிர்க்கருத்து உண்டா?" என்று சுற்றிலும் கேட்பார். அதனால் ஊருக்கு அவர் எதிர்க்கருத்தார்.

அவர் தொடங்கியது தாராளவாதக் கட்சி. அவருடைய படத்துக்கு இடம் போதாமல் பிளக்ஸ் கடைக்காரர் 'வாத'த்தை நீக்கிவிட, 'தாராளக் கட்சி' என்றே பேருந்து நிலையத்தில் பதாகை எழுந்தது. முதல் கூட்டத்துக்குப் பெருந்திரள்.

தையற்கடை மல்லிகா முன்வந்து கேட்டார்: "தாராளம்னு போட்டிருக்கீங்களே, என்னங்க குடுப்பீங்க?"

"கருத்துரிமைங்க."

"அது எத்தன லிட்டருங்க?"

கூட்டம் சிரித்துக் கலைந்தது. மல்லிகா மட்டும் கட்சியில் சேர்ந்தார். தலைவர், மல்லிகா, முன்பே இருந்த மூவர் என மொத்தம் ஐவர்.

கொடிக்குப் பச்சை நிறம் என்று ஐவரும் ஒருமனதாக முடிவு செய்தனர். எதிர்க்கருத்தாருக்கு அது பொறுக்கவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாத குறையைத் தீர்க்கத் தாமே பச்சைக்கு எதிராகப் பேசினார். ஐவரும் மனம் மாறினர். நீலத்துக்கும் அதே கதி. கட்சிக்குக் கடைசிவரை கொடி வாய்க்கவில்லை.

ஒருநாள் மல்லிகா எழுந்தார். "ஒரு கலரக்கூட முடிவு பண்ண முடியல. கலைச்சிடலாம்ண்ணே."

"கடைய வித்தாலும் கட்சிய விடமாட்டேன்" என்று சொல்லிவந்தவர் முகம் வாடியது. மற்ற மூவரும் "அதெல்லாம் முடியாது!" என்று கத்தினர். கட்சி பிழைத்தது என்றே பார்வையாளனாக அமர்ந்திருந்த நான் எண்ணினேன்.

"தங்கச்சி பக்கம் பேச ஒருத்தர்கூட இல்லியா? அப்ப நான் பேசறேன்" என்று அவர் எழுந்தார்.

பேசினார். குரல் தழுதழுத்தது, வாதம் மட்டும் சற்றும் தளரவில்லை. மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்ண்ணே! நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

"அது ஒன் உரிம. நான் பேசி முடிக்கிறது என் உரிம."

சீட்டுப் போட்டார்கள். கலைக்கலாம் என நான்கு. வேண்டாம் என ஒன்று.

அந்தப் பதாகை இன்று அவர் கடைக்கு வெயில் மறைப்பு. அதன் நிழலில் மல்லிகாவும் மற்ற மூவரும் மாலைதோறும் கூடுகிறார்கள். கூட்டம் என்று மட்டும் அதற்குப் பெயரில்லை. 'வேண்டாம்' என்ற சீட்டு யாருடையது என்றால் நால்வருமே "என்னோடதுதான்" என்கிறார்கள். அவரோ, "ரகசிய ஓட்டுங்க" என்று சிரிக்கிறார்.

அது யாருடையது என்பது எனக்குத் தெரியாது.