தவழ ஒரு நூல், நடக்க ஒரு நூல்

பழுகாமத்துப் பஸ்ஸில் இப்போது பாதிக்கு மேல் கைக்குழந்தைகள். எல்லாம் நூல் கட்டும் நடைச்சாமியிடம்!

உட்கார ஒரு நூல். தவழ ஒரு நூல். நடக்க இன்னொன்று. பல் முளைக்கவும் நூல் உண்டு. (நூல் கட்டாமல் பல் முளைக்காதா என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் எல்லார் வாயிலும் பல் இருந்தது.)

சாமி பிள்ளையைப் பார்ப்பதில்லை, கண்ணூறு பட்டுவிடுமாம். திரைக்குப் பின்னால் இருப்பார். பிறந்த நாள் பார்க்க, கிளினிக்கில் தந்த பிள்ளையின் கொப்பி மட்டும் உள்ளே போகும். சற்று நேரத்தில் குரல் வரும்: "இருபது நாளையில தவழும்!" தவழ்ந்தது. "சித்திரைக்குள்ள நடக்கும்!" நடந்தது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தனுஷாவின் மகள் ஆர்த்திகாவிடம்தான் சங்கதி பலிக்கவில்லை. இரண்டு வயது. ஓடுவாள், ஏறுவாள், சிரிப்பாள். 'அம்மா' மட்டும் வரவில்லை.

"நாக்குக் கட்டு," என்றார் சாமி. "ஆசுப்பத்திரி வாசல் மிதிச்சா நூல் செத்துப்போகும்."

ஐந்து அமாவாசை. ஐந்து நூல். ஒரு சொல் இல்லை.

ஊர் மருத்துவிச்சி கேதீஸ்வரி வீடு தேடி வந்தாள். "என்னகா தனுஷா, காது சோதிக்க எழுதித் தந்த துண்டு எங்க?"

"நூல் செத்துப்போகும் மிஸ்..."

"புள்ளட காலம் போகுதே, அது பரவாயில்லயா? நாளைக்கு நானும் வாறன் உன்ட சாமியிட்ட."

மறுநாள் வரிசையில் நின்ற இரண்டு தாய்மாரிடம் கேதீஸ்வரி காதோடு ஏதோ சொன்னாள். மூன்று மாதக் குழந்தைக்காக, பதினொரு மாதக் குழந்தையின் கொப்பி உள்ளே போனது.

"பத்து நாளையில எழும்பி நிக்கும்!" முழங்கினார் சாமி.

சரக்! திரையை இழுத்தாள் கேதீஸ்வரி. மூக்கில் கண்ணாடி, கொப்பியில் விரல், அப்படியே உறைந்த சாமி!

"சாமி, இவனுக்கு மூணு மாசம். இன்னும் தலையே ஒழுங்கா நிக்கல்ல. பத்து நாளையில எழும்பி நிக்கப் போறானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கொப்பியைப் பிடுங்கி, கூட்டத்தைப் பார்த்து உரக்க வாசித்தாள். எந்த மாதத்தில் பிள்ளை உட்காரும், தவழும், நிற்கும், எல்லாம் அச்சில். "சும்மா தந்த கொப்பி. உங்கட கையிலதான் கிடந்தது."

"அப்ப என்ட மகள்?" கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள் தனுஷா.

"ரெண்டு வயசில பேச்சு வராட்டி உடனே ஆசுப்பத்திரியில காட்டச் சொல்லியும் இதில இருக்கு. அந்த வரிய மட்டும் சாமி உனக்கு வாசிக்கல்ல."

சாமியின் பூசை மணியை எடுத்தாள். மண்ணில் விளையாடிய ஆர்த்திகாவின் பின்னால் போய் ஓங்கி ஆட்டினாள். கூட்டம் திரும்பியது. வேலியில் படுத்திருந்த நாய்கூடத் திரும்பியது.

ஆர்த்திகா மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தாள்.

"நாக்கில ஒரு கட்டும் இல்லகா. காதுதான் கேக்குதில்ல போல."

சாமி பின்வழியால் நழுவினார். தனுஷா ஐந்து நூலையும் பல்லால் கடித்து அறுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு ஏறினாள்.

டாக்டர் சோதித்தார். காதேதான். இரண்டு மாதத்தில் ஆர்த்திகாவுக்குக் காதுக்கருவி மாட்டினார்கள். காகம் கரைந்ததும் திடுக்கிட்டு மேலே பார்த்தாள். தாய் அங்கேயே அழுதுவிட்டாள்.

அவள் குறைக்குக் கருவி இருக்கிறது. கையிலிருந்த கொப்பியைத் தானே திறந்து பாராமல் திரைக்குப் பின்னால் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நமக்கு, எந்தக் கருவியை எங்கே மாட்டுவது?